கீழே இருப்பவருக்கும் ஒரு கோட்டை வேண்டும்

தை மாதம் அக்கா குடும்பம் சென்னையிலிருந்து சித்தூருக்கு வருகிறது. வழக்கமாக வந்தால் காணிப்பாக்கம், திருப்பதி, அப்புறம் வீட்டில் இரண்டு நாள் தூக்கம் என்று போய்விடும். இந்த முறை மாமா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ஒரு நாள் முழுக்க மலைக்கோட்டை ஏறணும்பா. பசங்க போனை விட்டுத் தலையைத் தூக்கற மாதிரி ஒரு இடம் பார்த்து வை." காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிட வேண்டும். போகிறவர்கள் ஏழு பேர். அக்கா, மாமா, 14 வயதில் ஒருவன், 9 வயதில் ஒருத்தி, நானும் என் மனைவியும், அம்மா.

அம்மாவுக்கு 68 வயது. முட்டி வலி. ஏற மாட்டார், ஆனால் வீட்டிலும் இருக்க மாட்டார். "நீங்க ஏறுங்க, நான் கீழே வண்டியில உட்கார்ந்துக்கறேன்" என்பார்.

சித்தூர்க்காரர்களுக்குக் கோட்டைக்குப் பஞ்சமில்லை. 1911 வரை வடஆற்காட்டு மாவட்டத்துக்குத் தலைநகரமாக இருந்த ஊர் இது. தெற்கே தமிழ்நாட்டுப் பக்கம் போனாலும் வடக்கே ராயலசீமை பக்கம் போனாலும் பாறைக்குன்றும் அதன்மேல் மதிலும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். வேலூர், சந்திரகிரி, குர்ரம்கொண்டா, கிருஷ்ணகிரி, செஞ்சி ஆகிய ஐந்தும் ஒரு நாளில் போய்வரக் கூடியவை. ஐந்துக்கும் போயிருக்கிறேன். முன்பெல்லாம் யாராவது கேட்டால் உயரம், தூரம், படி இருக்கிறதா இல்லையா என்று இந்த மூன்றை வைத்துப் பதில் சொல்வேன். இப்போது முதலில் கேட்பது வேறு. உங்களோடு வருபவர்களில் கீழேயே தங்கப்போவது யார், அவருக்கு அங்கே என்ன இருக்கிறது?

இப்படிக் கேட்கும் பழக்கம் கிருஷ்ணகிரியில் வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். அம்மா வண்டியில் இருந்தார். ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு ஏறினோம், இறங்கி வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நிறுத்தும்போது வண்டி நிழலில்தான் இருந்தது. பதினொரு மணிக்கு நிழல் நகர்ந்துவிட்டது. அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பை முக்காடு போட்டு, கொண்டுபோன தண்ணீரை எங்களுக்கு வேண்டியிருக்கும் என்று பாதிக்கு மேல் குடிக்காமல் வைத்திருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "மேலே நல்லா இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்காகக் கிருஷ்ணகிரி மோசமான இடம் என்று சொல்லிவிட முடியாது. ஏறுகிறவர்கள் மட்டும் போனால் அருமையான மலை. சையத் பாட்சா மலை என்று ஊரில் சொல்வார்கள், உச்சியில் அவர் பெயரில் தர்கா இருக்கிறது. விஜயநகரக் காலத்துக் கோட்டை. பாரமகால் என்று சொல்லப்பட்ட இந்தப் பகுதியின் முக்கியமான காவல் இது. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலப் படை கீழ்க்கோட்டைக்குள் புகுந்தும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். அடுத்த வருடம் திப்பு சுல்தானோடு ஸ்ரீரங்கப்பட்டினத்தில் உடன்படிக்கை ஆன பிறகுதான் கோட்டை அவர்கள் கைக்கு வந்தது. ஏறும்போது அந்தச் சரிவைப் பார்த்தால் ஏன் முடியவில்லை என்று காலுக்கே புரியும். ஆனால் பார்க்க வேண்டியதெல்லாம் மேலேதான். ஏறாதவருக்கு அடிவாரத்தில் ஒன்றும் இல்லை. குப்பத்துக்காரர்களுக்கு இது பக்கத்து மலை, அவர்கள் ஒரு விடியற்காலையில் போய் மதியத்துக்குள் வீடு வந்துவிடலாம். சித்தூரிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் இது வேண்டாம்.

வேலூரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 40 கிலோமீட்டர்கூட வராது. அகழியோடு இருக்கும் கோட்டையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் அம்மாவுக்குச் சொர்க்கம். 1806 ஜூலையில் சிப்பாய்கள் எழுந்த இடத்தில் நின்று பசங்களுக்குக் கதையும் சொல்லலாம். ஆனால் அது தரைக்கோட்டை. ஏற வேண்டுமென்றால் ஊருக்குக் கிழக்கே இருக்கும் குன்றுகளுக்குப் போக வேண்டும். சிவாஜியின் படை 1677, 78இல் வேலூரை முற்றுகையிட்டபோது அந்தக் குன்றுகளில்தான் இடம் பிடித்தார்கள். சாஜ்ரா, கோஜ்ரா என்ற பெயர்கள் அப்போது வந்தவை. வழி சரியாகத் தெரியாது, முள் அதிகம், தெரிந்தவர் ஒருவர் கூட வராமல் குழந்தைகளோடு போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதோடு ஏறுபவர்கள் ஒரு பக்கம், கோயிலில் இருப்பவர் இன்னொரு பக்கம் என்று குடும்பம் ஊரின் இரண்டு கோடியில் பிரிந்து நிற்கும். ஒரு நாள் ஒன்றாகப் போனோம் என்ற நினைப்பே வராது.

குர்ரம்கொண்டா எனக்கு மிகவும் பிடித்த இடம். அதனாலேயே கொஞ்சம் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். சித்தூரிலிருந்து பீலேர், வாயல்பாடு வழியாக 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். தெலுங்கில் குர்ரம் என்றால் குதிரை, கொண்டா என்றால் மலை. இந்தக் கோட்டையைக் காத்தது ஒரு குதிரை என்றும், அது உள்ளே இருக்கும்வரை யாராலும் கோட்டையைப் பிடிக்க முடியாது என்றும் அந்தப் பக்கத்தில் கதை உண்டு. மராட்டியத் தலைவன் ஒருவன் செங்குத்தான பாறையில் ஏறி அந்தக் குதிரையைக் கடத்திவிட்டானாம். மலை இறங்கி முடிப்பதற்குள் அகப்பட்டுக்கொண்டானாம். ஆனாலும் காவல் தெய்வம் போனது போனதுதான், அப்புறம் கோட்டை நிற்கவில்லை என்பார்கள். அந்தப் பாறைக்கு நேர் கீழே நின்று இதைச் சொன்னால் 9 வயதுக் குழந்தை வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். குதிரையோடு இதில் எப்படி இறங்கியிருப்பான் என்ற கேள்வி கட்டாயம் வரும். எனக்கும் பதில் தெரியாது.

திப்புவின் தாய்மாமன் மீர் ரஜா அலிகான் இங்கே ஆட்சி செய்தவர். அவருடைய சமாதி ஊரில் இருக்கிறது. 1791இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது நிஜாமின் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. மலை அடிவாரத்தில் ரங்கினி மஹால் என்று இரண்டடுக்குக் கட்டடம் ஒன்று நிற்கிறது. வளைவுகளும் மாடமும் உள்ள அழகான கட்டடம், கீழே இருப்பவர் அரை மணி நேரம் சுற்றிப் பார்க்கலாம். அரை மணி நேரம்தான். அதற்கு மேல் அங்கே பொழுது போகாது. கடை கண்ணி அதிகம் கிடையாது. தமிழ் செல்லாது, தெலுங்கோ உருதுவோ தெரிந்திருக்க வேண்டும். அம்மாவுக்குத் தெலுங்கு வரும், யாரிடமாவது பேச்சுக் கொடுத்துவிடுவார். அக்கா வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் வராது.

மேலே ஏறும் பாதை தொடக்கத்தில் தெளிவாக இருக்கும், போகப்போகப் பாறையும் புதரும். சுமார் 500 அடிதான் என்று கேட்டால் குறைவாகத் தெரியும். ஆனால் காலை ஊன்றி வைக்கப் படி இல்லாத 500 அடி, படி உள்ள 800 அடியைவிடக் களைப்பாக்கும். மதில் மேலே நின்று பார்த்தால் சுற்றிலும் ராயலசீமைக் குன்றுகள், நடுநடுவே ஏரி, காற்றைத் தவிர வேறு சத்தமே இருக்காது. கூட்டம் பிடிக்காத இரண்டு மூன்று பெரியவர்கள் சேர்ந்து போவதாக இருந்தால் யோசிக்காமல் குர்ரம்கொண்டா போகச் சொல்வேன். மாமாவை மட்டும் ஒரு நாள் தனியாக அங்கே கூட்டிப் போக வேண்டும் என்று நினைத்து வைத்திருக்கிறேன்.

இனி உண்மையான போட்டி சந்திரகிரிக்கும் செஞ்சிக்கும்தான்.

சந்திரகிரிக்கு எல்லா வசதியும் உண்டு. சித்தூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், திருப்பதிச் சாலையில் போய்க்கொண்டே இருந்தால் வந்துவிடும். காட்பாடி திருப்பதி ரயில் பாதையில் சந்திரகிரிக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. சிறு வயதில் அப்பா எங்களை அந்த ரயிலில்தான் கூட்டிப் போனார். தாமதமாகக் கிளம்பினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஊரில் தமிழ் புரியும்.

வரலாறும் சாதாரணமானதல்ல. 1485இல் விஜயநகர அரியணையில் ஏறிய சாளுவ நரசிம்மர் அதற்கு முன் சந்திரகிரியில் இருந்து ஆண்டவர். 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு தலைநகரம் பெனுகொண்டாவுக்குப் போய், அங்கிருந்து 1592 வாக்கில் சந்திரகிரிக்கு வந்தது. 1639இல் சென்னைக்காக ஆங்கிலக் கம்பெனி மானியம் வாங்கிய கதையோடு இந்த அரண்மனையின் பெயரையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். சென்னையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை இங்கே நிறுத்தி "உங்க ஊர்க் கதை இங்கேயும் கொஞ்சம் இருக்கு" என்று சொல்ல எனக்கு ஆசை.

கீழே இருப்பவர் என்ற கணக்கில் பார்த்தாலும் சந்திரகிரி முதல் தரம். மூன்றடுக்கு ராஜமஹால், பக்கத்திலேயே சற்றுச் சிறிய ராணிமஹால். ராஜமஹாலைக் கல், செங்கல், சுண்ணாம்பை மட்டும் வைத்து, மரமே சேர்க்காமல் கட்டியிருக்கிறார்கள். உள்ளே அருங்காட்சியகம், கற்சிலைகளும் வெண்கலச் சிலைகளும் நிறைய. வெளியே புல்தரை, மர நிழல். அம்மா மூன்று மணி நேரம் என்ன, நாள் முழுக்கவே இருந்துவிடுவார்.

குறை ஏறுகிறவர்களுக்குத்தான். அரண்மனைகளுக்குப் பின்னால் இருக்கும் பாறைமலை சுமார் 180 மீட்டர். உச்சியில் மேல்கோட்டை. நான் பெரியவனான பிறகு இரண்டு முறை ஏறப் போனேன். ஒரு முறை மேலே போய் நின்றேன். இன்னொரு முறை மழைக்குப் பிறகு பாதை முழுக்கப் புதர் மண்டிக் கிடந்ததால் பாதியில் திரும்பிவிட்டோம். மேலே போகலாமா என்பதை அன்றைக்கு வாசலில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மலை ஏறணும் என்று சென்னையிலிருந்து கிளம்பி வருகிற 14 வயதுப் பையனிடம், வந்து இறங்கிய பிறகு "இன்னைக்கு மேலே போக முடியாது, மியூசியம் பார்க்கலாம்" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

செஞ்சிக்கு வருவோம். தூரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதுதான் இதன் பெரிய குறை. வேலூர், ஆரணி, சேத்துப்பட்டு வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர். ஆரணி தாண்டிய பிறகு சாலை ஊருக்குள் ஊராகப் போகும், மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். போக மூன்று, வர மூன்று என்றால் நாளில் ஆறு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். மாமா இதைக் கேட்டவுடன், "அதுக்கு நான் சென்னையிலிருந்து நேரா செஞ்சிக்கே போயிருப்பேனே" என்றார். நியாயம்தான். ஆனால் அப்போது அம்மா வரமாட்டாரே.

தூரத்தைத் தாண்டிவிட்டால் மற்ற எல்லாவற்றிலும் செஞ்சி மேலே நிற்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்று குன்றுகளையும் சுற்றிச் சுமார் 13 கிலோமீட்டர் மதில். ஆமாம், நான் ஏற்கெனவே சொன்ன இரண்டு பெயர்களும் இங்கேயும் உண்டு. செஞ்சிக் கிருஷ்ணகிரி வேறு, மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரி வேறு. போனில் வழி பார்த்து வண்டி ஓட்டுகிறவர்கள் வெறுமனே "கிருஷ்ணகிரி கோட்டை" என்று போட்டுவிடாதீர்கள். வேறு மாவட்டத்துக்குப் போய்ச் சேருவீர்கள்.

1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி வந்து இங்கே இருந்துகொண்டுதான் மராட்டிய அரசை நடத்தினார். 1690இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. எட்டு வருடம்! அப்புறம் 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜன். வடஆற்காட்டுத் தெருக்கூத்தில் அவரைப் பார்த்து வளர்ந்தவர் அம்மா. தேசிங்கு பெயரைச் சொன்னாலே குதிரையைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். 2025 ஜூலையில் மராட்டியப் படைக்கோட்டைகள் என்று 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரே கோட்டை செஞ்சி.

ஏறுகிறவர்களுக்கு ராஜகிரி. 800 அடி. அடிவாரத்தில் பார்க்கும்போது மலையே இல்லை, பெரிய கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ கொட்டி வைத்த மாதிரி இருக்கும். கற்படிகள் உண்டு, உயரம் ஒரே மாதிரி இருக்காது. ஏறும் வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். முடியாதவர்கள் அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம், அதிலும் ஒரு குறையும் இல்லை, அவ்வளவு காட்சி அங்கிருந்தே தெரியும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான பள்ளம் ஒன்று நிற்கும், அதன்மேல் சிறிய பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எவ்வளவு பெரிய படை வந்தாலும் இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். எட்டு வருட முற்றுகை எப்படி நீண்டது என்பதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அந்தப் பாலம் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும். மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், பீரங்கி. குழந்தைகளோடு ஏற ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 9 வயதுக் குழந்தைக்கு ராஜகிரி அதிகம் என்று தோன்றினால் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிருஷ்ணகிரிக் குன்றுக்குக் கூட்டிப் போகலாம். உயரம் குறைவு. மேலே குவிமாட மண்டபத்தில் உட்கார்ந்தால் காற்று பிய்த்துக்கொண்டு வரும்.

சரி, அம்மாவுக்கு? ராஜகிரி அடிவாரத்திலேயே ஒரு ஊர் அளவுக்கு இடம் இருக்கிறது. நடுவில் கோபுரம் மாதிரி அடுக்கடுக்காக எழும் கல்யாண மஹால், அதற்குச் சுட்டமண் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்த ஏற்பாடு, குதிரை லாயங்கள், யானைக்குளம், உள்ளே பேசினால் குரல் திரும்பி வரும் பெரிய நெற்களஞ்சியம், 1717 வாக்கில் கட்டிய சாதத்துல்லா கான் மசூதி, கொஞ்ச தூரம் நடந்தால் வேங்கடரமணர் கோயில். அந்தக் கோயில் தூண்களில் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு எடுத்துப் போனார்கள். எல்லாம் சமதரை. மரங்கள் இருக்கின்றன. மற்ற பார்வையாளர்களும் இருப்பார்கள், தனியாக உட்கார்ந்திருக்கும் பயம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், மேலே ஏறுகிறவர்களைக் கீழே இருந்து வெகுநேரம் பார்க்க முடியும். போன முறை என் மனைவி கீழே இருந்தாள். என் சிவப்புத் துண்டு எந்த வளைவில் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

ஆக, செஞ்சி. வீட்டில் இப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, ஆரணியில் இட்லி சாப்பிட்டுவிட்டு, கதவு திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது. பத்தரை, பதினொரு மணிக்கு மேல் அந்தக் கருங்கல் தை மாதத்திலேயே சுடும், அக்னி நட்சத்திர நாட்களில் செருப்பில்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. பிற்பகலில் ராஜகிரியில் ஏறுவதை நிறுத்திவிடுவார்கள், அதனால் மதியம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டாம், கூட்டத்தில் படியே தெரியாது. அதற்கு அடுத்த வாரம் ஒரு வேலைநாளில் போகிறோம்.

மேலே தண்ணீர் கிடைக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர், அம்மாவுக்குத் தனியாக இரண்டு லிட்டர், அதை வேறு யாரும் தொடக் கூடாது என்று பசங்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். புளியோதரையும் தயிர்சாதமும் கீழே அம்மாவோடு இருக்கும். குரங்குகள் அதிகம், கையில் கவரோடு படியேறினால் பறித்துக்கொண்டு போய்விடும், அதனால் மேலே கொண்டுபோவது தோள்பைக்குள் கடலை மிட்டாயும் வெள்ளரிக்காயும் மட்டும். மடக்கு நாற்காலி ஒன்று வாங்கியாகிவிட்டது. கல்யாண மஹாலுக்கு எதிரே எந்த மரத்தடியில் போடலாம் என்று அம்மா என் போனில் இருக்கும் பழைய படங்களைப் பார்த்து இப்போதே இடம் தேடிக்கொண்டிருக்கிறார்.

முதல் நாள் இரவு மழை பெய்தால் ராஜகிரிப் படிகள் வழுக்கும். அப்படி ஆனால் நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை, எட்டு மணிக்குச் சந்திரகிரிக்குக் கிளம்புவோம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் வெள்ளியைத் தவிர்த்துத்தான் நாள் குறித்திருக்கிறேன்.